வீட்டுக்கடனோடு வங்கி நீட்டிய காப்பீடும், நாங்கள் தனியாக எடுத்ததும்

கோவை சரவணம்பட்டியில் எங்கள் முதல் வீடு. கடன் 40 லட்சம், 20 வருடம், எட்டரை சதவீத வட்டி, மாதத் தவணை 34,713 ரூபாய். கடன் அனுமதியானதும் வங்கியில் இன்னொரு படிவமும் நீட்டினார்கள். அது கடன் பாதுகாப்புக் காப்பீடு, கடன் வாங்கியவர் இறந்துவிட்டால் பாக்கியை அடைப்பது. ஒரே தவணையாக 1,20,000 ரூபாய் பிரீமியம். "கையிலிருந்து கட்ட வேண்டாங்க மேடம், கடனிலேயே சேர்த்துக்கலாம்" என்றார் அதிகாரி.

நான் ஒரு மில்லில் கணக்கு பார்க்கிறவள். கடனில் சேர்த்தால் அந்த 1,20,000-க்கும் எட்டரை சதவீத வட்டி ஓடும். மாதம் 1,041 ரூபாய் கூடுதல். 20 வருடத்தில் கிட்டத்தட்ட இரண்டரை லட்சம். விலையை ஒப்பிடும்போது வைத்துப் பார்க்க வேண்டிய தொகை இதுதான்.

இது கட்டாயம் என்றும் சொன்னார். "சரிங்க சார், கட்டாயம்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க, எடுத்துக்கறோம்" என்றேன். எழுதியும் தரவில்லை, கடனும் நிற்கவில்லை. வீட்டுக்கடன் வாங்க ஆயுள் காப்பீடு எடுத்தே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கட்டடத்துக்கான தீ, வெள்ளக் காப்பீடு வேறு விஷயம். அது கடன் ஒப்பந்தத்திலேயே இருந்தது, எடுத்துவிட்டோம்.

வங்கி தந்த திட்டத்தை முழுதாகப் படித்தேன். காப்புத்தொகை கடன் குறையக் குறையத் தானும் குறையும். ஆனால் எந்த வருடம் எவ்வளவு என்ற அட்டவணை முதல் நாளிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. நம் வட்டியோ மாறும் வட்டி. 2022 மே தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ விகிதம் (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) 4-லிருந்து 6.5 சதவீதமாக ஏறியபோது பலருக்குத் தவணைக்காலம் வருடக்கணக்கில் நீண்டது. அப்போது கடன் அட்டவணையைவிட மெதுவாகத்தான் இறங்கும், நடுவில் துண்டு விழும். வட்டி மாறாவிட்டால்கூட 10 வருடம் கழித்து எங்களுக்கு 28 லட்சம் பாக்கி இருக்கும். இன்னொன்று, படிவத்தில் என் கணவர் பெயர் மட்டும்தான். தவணையில் என் சம்பளமும் போகிறது, என் உயிருக்குக் காப்பு இல்லை. பணமும் முதலில் கடன் கணக்குக்குப் போய், மிச்சம் இருந்தால்தான் குடும்பத்துக்கு.

அதனால் இரண்டு பேருக்கும் தனித்தனி டேர்ம் பாலிசி எடுத்தோம், அதாவது பாலிசி காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தரும் ஆயுள் காப்பீடு. அவருக்கு 75 லட்சம், எனக்கு 50. கடைசிவரை தொகை குறையாது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி இல்லை என்பதும் உதவியது. அவருக்குச் சர்க்கரை இருக்கிறது. மாத்திரை, அளவு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தோம். ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு 14,000 என்றிருந்த ஆண்டு பிரீமியம் 19,000 ஆனது. கூடியதே என்று அவருக்கு வருத்தம். எனக்கு நிம்மதி. தெரிந்தே ஏற்றுக்கொண்ட கம்பெனி, பின்னால் அதையே காரணம் காட்டி மறுக்க முடியாது. அவர் பாலிசியை 1874-ஆம் வருடத்துத் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின்கீழ் எடுத்தோம். அந்தப் பணம் எனக்கும் பிள்ளைக்கும் மட்டும். அவருடைய பட்டறைக்குக் கடன் கொடுத்தவர்கள் தொட முடியாது. விண்ணப்பிக்கும்போதே கேட்டு வாங்க வேண்டியது இது.

அப்புறம் நோய்க் காப்பீடு. என்னைக் கேட்டால் இதற்குத்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். அவர் கணபதி பகுதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். மனிதர் உயிரோடு இருந்து ஆறு மாதம் மெஷினில் நிற்க முடியாமல் போனால் ஆயுள் காப்பீடு ஒரு ரூபாய் தராது. மெடிக்ளெய்ம் ஆஸ்பத்திரி பில்லைக் கட்டும், தவணையைக் கட்டாது. கடும் நோய்க் காப்பீடு, பட்டியலில் உள்ள பெரிய நோய் வந்தால், மொத்தமாகப் பணம் தரும், எதற்கு வேண்டுமானாலும் செலவழிக்கலாம். மூன்று வருடத் தவணை ஏறக்குறைய பன்னிரண்டரை லட்சம் என்று கணக்குப் போட்டு, ஆளுக்கு 15 லட்சம் என்று முடிவு செய்தோம்.

எத்தனை நோய்கள் என்ற பட்டியலின் நீளத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒவ்வொரு நோய்க்கும் எழுதியிருக்கும் விளக்கம்தான் பாலிசி. புற்றுநோய் என்றால் ஆரம்ப நிலையில், பரவாமல் இருப்பது சேராது. பக்கவாதம் என்றால் நிரந்தரப் பாதிப்பு இருக்க வேண்டும். சிறுநீரகம் என்றால் தொடர்ந்து டயாலிசிஸ் தேவைப்படும் நிலை. நம் ஊரில் வீட்டுக்கு வீடு நடக்கிற ஸ்டென்ட் பல திட்டங்களில் கிடையாது, அல்லது கொஞ்சம்தான் கிடைக்கும். பாலிசி எடுத்த முதல் 90 நாளில் வரும் நோய்க்குப் பெரும்பாலும் பணம் இல்லை. நோய் உறுதியான பிறகு ஒரு மாதம்வரை உயிரோடு இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும்.

நான் டேர்ம் பாலிசியோடு ரைடராக, அதாவது அதே பாலிசியில் சேர்க்கும் கூடுதல் காப்பாக எடுத்தேன். அதிலும் இரண்டு வகை. ஒன்றில் நோய்க்குத் தரும் பணத்தை ஆயுள் காப்புத்தொகையிலிருந்தே கழித்துக்கொள்கிறார்கள். நான் எடுத்தது கழிக்காத வகை, பிரீமியம் சற்று அதிகம். சர்க்கரை காரணமாக அவருக்கு ரைடர் தரவில்லை. வேறொரு கம்பெனியில் தனி பாலிசி கிடைத்தது, ஏற்கெனவே உள்ள நோய்க்கு 3 வருடக் காத்திருப்போடு. வயது ஏற ஏற அதன் பிரீமியமும் ஏறும். அந்த ஒன்றில் மட்டும் எனக்கு முழுத் திருப்தி இல்லை, ஆனாலும் இல்லாமல் இருக்க மனம் ஒப்பவில்லை. லேத்தில் கை போனால் நோய்க் காப்பீட்டில் எதுவும் வராது என்பதால் அவருக்குத் தனிநபர் விபத்துக் காப்பீடும் சேர்த்தோம். வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்கு வாரப்படி தொகை தருகிற வகையாகப் பார்த்து எடுத்தோம்.

வங்கித் திட்டம் யாருக்குமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். உடல்நிலை காரணமாக டேர்ம் பாலிசி மறுக்கப்பட்டவர்களுக்கு வங்கித் திட்டம் போன்ற குழுக் காப்பீட்டில் இடம் கிடைக்கலாம். வருடாவருடம் கட்ட மறப்பவர்களுக்கும் ஒரே தவணை வசதிதான். ஆனால் உடல்நல உறுதிமொழிப் படிவத்தை அதிகாரி நிரப்ப விடாதீர்கள், நீங்களே எழுதுங்கள். கடனை வேறு வங்கிக்கு மாற்றினால் காப்பு தொடருமா, முன்கூட்டியே அடைத்தால் எவ்வளவு திரும்பும் என்று எழுத்தில் கேளுங்கள். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தாலும், பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம். சிறு பிடித்தம் போகப் பணம் வரும். கடனில் சேர்த்த பிரீமியம் என்றால், அது கடன் கணக்கில் வரவாகிவிட்டதா என்று கடன் கணக்கின் ஸ்டேட்மென்டில் பாருங்கள்.