ஸ்பெக்ட்ரம் போர்டு: ஈயப் பூச்சா, தங்கப் பூச்சா?

1982இல் வந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கணினிக்கு மறுபதிப்பு சர்க்யூட் போர்டு ஆர்டர் போடும்போது நாகர்கோவில் நண்பர்கள் தயங்கும் இடம் இதுதான்: போர்டின் செம்புப் பகுதிகளின் மேல் ஈயம் (சால்டர்) பூசுவதா, தங்கம் பூசுவதா?

செலவு: ஈயம் மலிவு. தங்கத்துக்குக் கூடுதல் காசு.

சால்டரிங்: இரண்டுமே எளிது. பெரிய கால் வைத்த பழைய சிப்கள்தானே, ஈயப் பூச்சின் மேடுபள்ளம் தொந்தரவே இல்லை.

நீடித்து உழைப்பது: இங்கேதான் வித்தியாசம். போர்டின் பின்விளிம்பே கனெக்டர். ஜாய்ஸ்டிக் இன்டர்ஃபேஸைச் செருகிக் கழற்றுவது அங்கேதான். குளச்சல், முட்டம் பக்க உப்புக்காற்றில் ஈயம் மங்கினால் தொடர்பு விட்டுவிட்டு வரும். தங்கம் மங்காது. ஆனால் நிக்கலின் மேல் மிக மெல்லிய படலம்தான், அடிக்கடி செருகினால் தேயும்.

சும்மா ஒன்று கட்டிப் பார்க்க ஈயம் போதும். கடலோர வீடு, பின்னால் எதையாவது செருகவும் போகிறீர்கள் என்றால் தங்கம். யூஎல்ஏ (ஸ்பெக்ட்ரமுக்கென்றே செய்த தனிச் சிப்) தேடி அலையும் செலவுக்கு முன் அந்தக் கூடுதல் காசு பெரிதில்லை.