பெயிண்ட் கடையின் நிறம் பொருத்தும் சேவை: ஒரு மதிப்பீடு

முன்னறைச் சுவரில் ஈரம் ஊறிப் பெயர்ந்துபோன ஒரு பகுதிக்கு மட்டும் வண்ணம் பூச வேண்டியிருந்ததால், உரிந்து விழுந்த பெயிண்ட் ஏடு ஒன்றை எடுத்துக்கொண்டு, கணினி வழியாக நிறம் பொருத்தித் தரும் கடைக்குச் சென்றேன். ஷேடு கார்டைப் பார்த்தே முடித்திருக்கலாம். ஆனால் அந்தச் சுவரை அம்மா பச்சை என்கிறார், நான் நீலம் என்கிறேன். (திருமாலின் மேனியைப் பச்சை என்றும் நீலம் என்றும் கருமை என்றும் பாடிய மொழிக்கு இந்த வழக்கு புதிதன்று.)

கடைக்காரர் வழக்கில் தலையிடாமல், ஏட்டின் மேல் கைக்கருவியை வைத்து அழுத்தினார். கண்ணுக்குத் தெரியும் ஒளியில், 400 முதல் 700 நானோமீட்டர் வரை, சிறு சிறு இடைவெளியில் உள்ள அலைநீளங்களில் எவ்வளவு ஒளி திரும்பி வருகிறது என்பதையே அது அளக்கிறது. அதற்குப் பச்சையும் தெரியாது, நீலமும் தெரியாது. “மெஷின் பொய் சொல்லாதுங்க” என்றார். உண்மைதான். ஆயினும் அந்த அளவுகள் நிறத்துக்குரிய மூன்று எண்களாகச் சுருங்கும்போது மனிதக் கண் உள்ளே நுழைந்துவிடுகிறது. எந்த அலைநீளத்தைச் சராசரிக் கண் எப்படி உணர்கிறது என்று காட்டும், இக்கணக்கின் அடிப்படையாக 1931-இல் வகுக்கப்பட்ட அட்டவணை, இங்கிலாந்தில் ரைட் என்பவர் 10 பேரையும் கில்டு என்பவர் 7 பேரையும் கொண்டு தனித்தனியே நடத்திய சோதனைகளிலிருந்து பிறந்தது. அவர்களிடம் யாரும் நிறத்தின் பெயரைக் கேட்கவில்லை. மூன்று விளக்குகளின் ஒளியைக் கூட்டிக் குறைத்து, எதிரிலிருக்கும் ஒளியோடு வேறுபாடு தெரியாதபடி பொருத்தச் சொன்னார்கள். இரண்டு குழுக்களின் முடிவுகளும் நன்றாகவே ஒத்துப்போயின. பெயரிடுவதில்தான் ஊரும் மொழியும் பேசுகின்றன என்றும், ‘இரண்டும் ஒன்றுதானா’ என்ற கேள்விக்குக் கண்கள் பெரும்பாலும் ஒரே விடையைத் தருகின்றன என்றும் இதிலிருந்து எனக்குப் படுகிறது.

ஆனால் அந்த விடை பொருளின் முழு உண்மை அன்று. வெவ்வேறு நிறமிகளால் ஆன இரண்டு பூச்சுகள் ஒரு விளக்கின் கீழ் ஒன்றுபோலவும் இன்னொன்றின் கீழ் வேறாகவும் தெரியலாம். என் பழைய பூச்சு எந்த நிறுவனத்துடையது என்றே தெரியாத நிலையில், பகலில் கண்டுபிடிக்க முடியாத ஒட்டு, மாலையில் எல்இடி விளக்கைப் போட்டதும் மெலிதாகத் தெரிகிறது.

கலக்கும் வேலை இருபது நிமிடத்தில் முடிந்தது. கால் லிட்டரே போதும் என்ற எனக்கு ஒரு லிட்டருக்குக் குறைத்துத் தர மறுத்ததுதான் குறை. மறுபடியும் அங்கேதான் போவேன். ஆனால் கலந்ததில் ஒரு துளியை அட்டையில் தடவி வாங்கிவந்து, இரவில் வீட்டு விளக்கடியில் சுவரோடு ஒட்டிப் பார்த்த பிறகே பெயிண்டரை அழைப்பேன்.