சுவரில் ஒட்டும் வயர்லெஸ் பட்டன்: ஜிக்பீயா, வைஃபையா, பேட்டரியே இல்லாததா?

ஸ்மார்ட் பல்ப் போட்ட வீட்டில் முதல் சண்டை பழைய சுவிட்சால்தான் வரும். யாராவது பழக்கதோஷத்தில் அதை அணைத்துவிட்டால் பல்புக்கு மின்சாரமே போகாது. போனில் எத்தனை முறை தட்டினாலும் எரியாது. அதனால்தான் பழைய சுவிட்சை மூடிவிட்டு, பக்கத்தில் வயர்லெஸ் பட்டன் ஒன்றை ஒட்டுகிறார்கள். வாடகை வீடென்றால் சுவரை உடைக்கிற பேச்சும் இல்லை.

வைஃபை பட்டனுக்குத் தனி ஹப் (பட்டனையும் பல்பையும் இணைக்கும் நடுப்பெட்டி) வேண்டாம், இருக்கிற ரவுட்டரே போதும். ஆனால் பேட்டரியைக் காப்பாற்ற அது எந்நேரமும் தூங்கிக்கொண்டிருக்கும். அழுத்தினால் விழித்து, ரவுட்டரோடு சேர்ந்து, ஐபி முகவரி வாங்கி, அப்புறம்தான் செய்தி அனுப்பும். அந்த ஓரிரு நொடிக்குள் விளக்கு வரவில்லையே என்று மறுபடி அழுத்துவோம். எரிந்த விளக்கு உடனே அணையும்.

433 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் பேசும் பட்டன் மலிவு. செய்தி போய்ச் சேர்ந்ததா என்று அது பார்ப்பதில்லை. மலிவான பல வகைகள் எப்போதும் ஒரே குறியீட்டையே அனுப்புவதால், அதைப் பதிவுசெய்து திரும்ப அனுப்புவதும் எளிது. காலிங் பெல்லுக்குச் சரி, கேட்டுக்கு வேண்டவே வேண்டாம்.

இசட்-வேவ் என்ற ஸ்மார்ட் வீட்டு ரேடியோ முறையில் வேறு சிக்கல்: நாட்டுக்கு நாடு அலைவரிசை மாறும். இந்தியாவுக்கு 865.2, அமெரிக்காவுக்கு 908.42 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கி வரும் பட்டன் இங்குள்ள ஹப்போடு பேசாது.

என் ஓட்டு ஜிக்பீக்குத்தான்; குறைந்த மின்சாரத்தில், ஒரு ஹப் வழியாகப் பேசும் ரேடியோ முறை அது. இதுவும் தூங்கும், ஆனால் நெட்வொர்க்கில் ஏற்கெனவே சேர்ந்திருப்பதால் அழுத்தியதும் செய்தி போய்விடும். ஐகியாவின் ரோட்ரெட் பட்டனுக்கு ஒரு ட்ரிபிள் ஏ பேட்டரி, அகாரா மினி சுவிட்சுக்கு ஒரு சிஆர்2032 பட்டன் செல், அவ்வளவுதான். வேகத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது பைண்டிங். பட்டனைப் பல்போடு நேரடியாக இணைத்துவிட்டால், ஹோம் அசிஸ்டன்ட் (ஸ்மார்ட் சாதனங்களை ஒருங்கே இயக்கும் மென்பொருள்) ஓடும் கம்ப்யூட்டர் அப்டேட்டில் தொங்கினாலும், நெட் போனாலும் விளக்கு எரியும். எல்லாப் பட்டனுக்கும் இந்த வசதி கிடையாது; ஜிக்பீ சாதனங்களைப் பட்டியலிடும் ஜிக்பீ2எம்க்யூடிடி (Zigbee2MQTT) தளத்தில் அந்த மாடலின் பக்கத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். வைஃபையும் ஜிக்பீயும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நெருக்கியடிப்பவை. வைஃபை 1-ஆம் சேனலில் இருந்தால் ஜிக்பீயை 20-க்கு மேல் தள்ளிவையுங்கள். கம்ப்யூட்டரையே ஹப்பாக்கும் ஜிக்பீ டாங்கிளை யுஎஸ்பி 3 போர்ட்டில் நேராகச் செருகாமல் ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டுத் தள்ளிவைத்தாலே பாதித் தொல்லை தீரும்.

பேட்டரியே இல்லாத பட்டன்களும் உண்டு. ஜெர்மனியின் எனோஷன் செய்யும் சின்ன ஜெனரேட்டர், நாம் அழுத்தும் விசையிலேயே மின்சாரம் உண்டாக்கிக்கொள்ளும். பிலிப்ஸின் ஹியூ ஸ்மார்ட் விளக்குகளோடு சேரும் 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் ஹியூ' சுவிட்சுகள் இந்த வகை. விலை அதிகம், அழுத்தமும் கொஞ்சம் பலமாகவே வேண்டும். ஜிக்பீ கிரீன் பவர் (பேட்டரியில்லாப் பட்டன்களுக்கான ஜிக்பீ வசதி) தெரிந்த பல்ப் போன்ற ஒன்று பக்கத்தில் எப்போதும் மின்சாரத்தில் இருக்க வேண்டும். பேட்டரி மாற்ற யாரும் நினைக்காத மாடிப்படிக்கு அந்த விலை தகும்.

சொந்த வீடென்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. நம் ஊர் சுவிட்ச் போர்டுகளில் பெரும்பாலும் ஒரு பிளக் பாயின்ட்டும் இருப்பதால் நியூட்ரல் வயர் உள்ளேயே கிடைக்கும். சுவிட்சுக்குப் பின்னால், அந்த வயரோடு இணையும் ரிலே மாட்யூலை (சுவிட்ச் தட்டினாலும் போனில் தட்டினாலும் விளக்கை இயக்கும் சின்னப் பெட்டி) வைத்துவிட்டால் பழைய சுவிட்சே போதும். பட்டன் கட்டில் பக்கத்துக்கு மட்டும் வாங்கினால் சரி. ஆனால் அது எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மெயினை அணைத்துவிட்டுச் செய்யும் வேலை.