சிலிம் ரிவர் டோலில் இறங்கிச் சாப்பிடப் போகிறவர்கள் கவனத்திற்கு: 'சுத்த சைவம்' பேனரை நம்பி ஏமாந்தோம்

போன சனிக்கிழமை, புரட்டாசி இரண்டாம் சனி, மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சிலிம் ரிவர் டோலில் (நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியில்) இறங்கி ஒரு கடையில் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டோம். ஐந்து பேருக்கு 192 வெள்ளி (ரிங்கிட்). காசு போனதையாவது பொறுத்துக்கொள்வேன். விரதம் இருந்த என் அம்மாவின் இலையில் நெத்திலித் தலை கிடந்தது. அதைப் பொறுக்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், விசாரணை நடக்கட்டும். நடந்ததை மட்டும் ஒன்று விடாமல் சொல்கிறேன். இது புரட்டாசி மாதம், நம் ஆட்கள் குடும்பத்தோடு வடக்கே போய் வருகிற நேரம்.

அம்மாவுக்கு 73 வயது. சிலிம் ரிவருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் 31 வருஷம் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டியவர். இப்போது அங்கே பால்மரமும் இல்லை, நாங்கள் பிறந்த லயமும் (தொழிலாளர் வரிசை வீடுகளும்) இல்லை, எல்லாம் எண்ணெய்க்கான செம்பனை மரம். கோயில் மட்டும் இருக்கிறது. மாரியம்மன் கோயில்தான் என்றாலும் பெருமாளுக்குத் தனிச் சந்நிதி உண்டு. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் சாயங்காலப் பூஜை நடக்கும். "ஒரு தடவை என்னைக் கூட்டிட்டுப் போ, அப்புறம் கால் வருமோ வராதோ" என்று அம்மா இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்காகத்தான் கிள்ளானிலிருந்து கிளம்பினோம்: நான், வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், அம்மா.

ரவாங்கில் நெரிசல். ஊலு பெர்ணம் ஓய்விடத்தில் நின்றபோது மணி பன்னிரண்டு. நெடுஞ்சாலை ஓய்விடங்களில் சைவம் தேடி அலைந்தவர்களுக்கு என் பாடு தெரியும். நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) சம்பால் என்கிற மிளகாய் விழுதில் நெத்திலி, கங்கோங் கீரையில் பெலாச்சான் என்கிற இறால் விழுது, மீ கோரெங் (வறுத்த நூடுல்ஸ்) என்றால் முட்டையோ இறாலோ. வெறும் சோறும் முட்டைக்கோசும் கேட்டாலும் மீன் குழம்பில் கிடந்த கரண்டியால்தான் அள்ளிப் போடுவார்கள். பிள்ளைகளுக்கு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்துவிட்டு, ஊருக்கே போய்ச் சாப்பிடலாம் என்று முடிவு செய்தோம்.

நான் செய்த தவறு அங்கேதான். ஊர்க்காரர் ஒருவருக்குக் கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் கைப்பேசியில் தேடினேன். டோலுக்குப் பக்கத்திலேயே ஒரு கடை வந்தது, ஐந்து நட்சத்திரம். வாழை இலைப் படங்கள், 'அசல் தோட்டத்துச் சமையல்' என்று ஒரு காணொளி. அந்த வார்த்தையைப் பார்த்ததும் அம்மாவின் முகம் மலர்ந்தது. வீட்டுக்கு வந்தபிறகுதான் அந்த விமர்சனங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் அந்த ஒரு கடைக்கு மட்டுமே எழுதியவர்கள். எல்லாம் அடுத்தடுத்த இரண்டு வாரத்தில் வந்தவை. கீழே போனால் ஒரு நட்சத்திரம் கொடுத்த மூன்று பேர் இருக்கிறார்கள், மூவரும் பில்லைப் படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். அந்தப் படங்களை முதலில் பார்த்திருந்தால் வண்டியைத் திருப்பியிருப்பேன்.

கடை வாசலில் பெரிய பேனர்: 'புரட்டாசிச் சிறப்பு, சுத்த சைவம், இலைச் சாப்பாடு 9.90'. அந்த 9.90-க்குப் பக்கத்தில் 'முதல்' என்ற சொல் சுண்டு விரல் நகம் அளவுக்கு இருந்தது. வெளியே வரும்போதுதான் கண்ணில் பட்டது.

உட்கார்ந்தோம். மெனு கேட்டேன். "இலைச் சாப்பாடுதான்க்கா, எல்லாம் வரும்" என்றார் பரிமாறின தம்பி. சோறு, சாம்பார், மூன்று கறிவகை வந்தன. கேட்காமலே இரண்டு தட்டில் சைவ இறைச்சியை (சோயா, மாவில் இறைச்சி போலச் செய்வது) கொண்டுவந்து நடுவில் வைத்துவிட்டு, "இது எங்க கடை ஸ்பெஷல், சாப்பிட்டுப் பாருங்க" என்றார். அப்பளம் தனிக் கூடையில் வந்தது. ரசம் ஆளுக்கு ஒரு கிண்ணம். மோர் வேண்டுமா என்று பிள்ளைகளைப் பார்த்துக் கேட்டார், அவர்கள் தலையாட்டினார்கள். எதற்கும் விலை சொல்லவில்லை. சுவரில் விலைப்பட்டியலும் கிடையாது.

அம்மா மெதுவாகச் சாப்பிடுவார். பயத்தங்காய்ப் பிரட்டலை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார். "இது என்னாம்மா?" என்றார். குனிந்து பார்த்தேன். பயத்தங்காய்த் துண்டில் ஒட்டிக்கொண்டு ஒரு நெத்திலித் தலை. அரிசி அளவுதான் இருக்கும், வெள்ளி நிறம், கண் மட்டும் கறுப்புப் புள்ளியாக. மிளகாய் விழுதைக் கொஞ்சம் விலக்கினால் பாதி உடம்பும் இருந்தது. என் இலையில் தேடினேன், அதிலும் இரண்டு. நாங்கள் அதுவரை பாதி சாப்பிட்டு முடித்திருந்தோம்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இலையை மூடினார். எழுந்து போய்க் கைகழுவும் இடத்தில் வெகுநேரம் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார். ஆடி முடிந்து ஆவணி பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொடாதவர்.

கல்லாவில் இருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். மன்னிப்புக் கேட்டிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். அவர் சொன்னது இதுதான்: "அது சம்பால்க்கா. சம்பால்ல நெத்திலி இல்லாம எப்படி? கறி, கோழி ஒண்ணும் போடலையே." என் வீட்டுக்காரர், "பேனர்ல சுத்த சைவம்னு போட்டிருக்கீங்களே அண்ணே" என்றார். "வர்றவங்க எல்லாரும் சாப்பிட்டுட்டுத்தான் போறாங்க" என்று சொல்லிவிட்டு அவர் பில்லை நீட்டினார்.

அந்தப் பில் இப்போது என் மேசையில் இருக்கிறது. இலை ஒன்று 16.90, ஐந்துக்கு 84.50. சைவ இறைச்சி தட்டு 18 வெள்ளி, இரண்டுக்கு 36. ரசம் கிண்ணம் 3 வெள்ளி, ஐந்துக்கு 15. அப்பளம் ஆளுக்கு 2 வெள்ளி, 10. மோர் மூன்று, 15. சுடுதண்ணீர் ஐந்து கிளாஸ், 5 வெள்ளி. ஆக 165.50. அதன்மேல் சேவைக் கட்டணம் 10 விழுக்காடு, 16.55. அதற்கும் கீழே 'வரி 6 விழுக்காடு' என்று 9.93. கூட்டி, சில்லறையைச் சரிசெய்து 192 வெள்ளி.

பில்லில் வரி என்று போட்ட அந்த 9.93-ஐக் கொஞ்சம் பாருங்கள். சேவை வரி என்பது நினைத்தவர்கள் எல்லாம் வசூலிக்கக்கூடியது இல்லை. உணவுக் கடைக்கு 12 மாத வருமானம் 15 லட்சம் வெள்ளியைத் தாண்டினால்தான் சுங்கத்துறையிடம் பதிய வேண்டிய கட்டாயம் வருகிறது. பதிந்த கடைதான் 6 விழுக்காடு வாங்கலாம், பதிவு எண் ரசீதில் இருக்க வேண்டும். எங்கள் ரசீதில் எண் இல்லை. கேட்டதற்கு "அது சிஸ்டம்ல வர்றது" என்றார்கள். சேவைக் கட்டணம் வேறு கதை. அது அரசாங்கத்துக்குப் போகிற காசே இல்லை, கடைக்குப் போவது. அதை வாங்குகிற கடை வாடிக்கையாளர் உட்காரும் முன்பே கண்ணில் படும்படி எழுதி வைத்திருக்க வேண்டும். அங்கே எதுவும் எழுதியிருக்கவில்லை.

பிள்ளைகள் பயந்துபோய் நின்றார்கள், அம்மா "குடுத்துட்டு வாங்க, கோயிலுக்குப் போற நேரத்துல சண்ட வேணாம்" என்றார். கொடுத்துவிட்டோம். கொடுக்கும் முன் பேனர், இலை, நெத்திலி, விலைப்பட்டியல் இல்லாத சுவர் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டேன்.

கோயில் வாசலுக்குப் போய் வண்டியை நிறுத்தினால் அம்மா இறங்க மாட்டேன் என்கிறார். "வாய்ல மீன் பட்டிருச்சும்மா. நான் வெளிய நின்னே கும்பிட்டுக்கிறேன்." அறுபது வருஷப் பழக்கம், நான் என்ன சொல்லி மாற்ற முடியும்? அந்த நேரத்தில் எனக்கு வந்த கோபத்தை எழுத வார்த்தை இல்லை. அம்மாவோடு பக்கத்து நிரையில் மரம் வெட்டிய ஒரு பெரியம்மா இப்போது டவுன் பக்கம் தாமானில் (குடியிருப்பில்) இருக்கிறார். அங்கே கூட்டிப் போனோம். அம்மா தலைக்கு ஊற்றிக்கொண்டு, பெரியம்மாவின் சேலையைக் கட்டிக்கொண்டு, அதற்குப் பிறகுதான் சந்நிதிக்குள் நுழைந்தார்.

பெரியம்மா கடையின் பெயரைக் கேட்டதும் தலையில் கைவைத்தார். "அந்தக் கடைக்கு ஊர்ல ஒருத்தரும் போறதில்லையே. டோல்ல இறங்குற வெளியூர் ஆளுங்களுக்குன்னே போட்ட கடை அது. எனக்கு ஒரு போன் அடிச்சிருக்கக் கூடாதா?"

அதற்குப் பிறகு நான் யோசித்துப் பார்த்தேன். முன்பு கோலாலம்பூரிலிருந்து ஈப்போ போகிற அத்தனை வண்டியும் பழைய கூட்டரசு சாலையில் இந்த டவுனுக்குள்ளேதான் புகுந்து போகும். பஸ்ஸும் லோரியும் தினம் வந்து நிற்கும், இன்று ஏமாற்றினால் நாளை அதே டிரைவர் அதே கடைக்கு முன்னால் நின்று கேட்பார். 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுக்கத் திறந்தபின் அந்த ஓட்டம் போய்விட்டது. டவுனுக்குள் இருக்கிற கடைகள் இப்போது ஊர்க்காரர்களை நம்பித்தான் பிழைக்கின்றன, அதனால் ஒழுங்காக இருக்கின்றன. டோல் வாசலில் இருக்கிற சில கடைகள் திரும்பி வராத ஆட்களை நம்பிப் பிழைக்கின்றன. எல்லாக் கடையையும் சொல்லவில்லை, தாப்பாவிலும் பீடோரிலும் டோல் பக்கமே நல்ல கடைகளில் சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் இன்னும் ஐந்து, பத்து நிமிஷம் ஓட்டி டவுனுக்குள் போவதில் நமக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. டோல் கட்டணமும் கிலோமீட்டர் கணக்குதான், நடுவில் இறங்கி ஏறினால் பெரிதாகக் கூடிவிடாது.

அன்றைக்குச் சாயங்காலம் பூஜை முடிந்து, பெரியம்மா சொன்ன ஒட்டுக்கடைக்கு (சின்னச் சாப்பாட்டுக் கடைக்கு) போனோம். தகரக் கூரை, நாலு மேசை. வாசலில் இரண்டு செம்பனை லோரி நின்றது. அட்டையில் மார்க்கர் பேனாவால் விலை: தோசை 1.80, இட்லி 1.20, தெ ஓ (பால் இல்லாத தேநீர்) 1.50. நான் கேட்கும் முன்பே அந்தக் கடைக்கார அக்கா, "இன்னிக்கு சனிக்கெழம, கல்லு காலையிலயே கழுவிட்டேன், முட்ட தோசை போடல. சட்னியில ஒண்ணும் கெடையாது" என்றார். ஐந்து பேரும் வயிறாரப் பசியாறினோம், 27 வெள்ளி. அம்மா மூன்று தோசை சாப்பிட்டார்.

இனி நான் சைவம் சாப்பிட உட்காரும் முன் கேட்கப்போவது: "சம்பாலில் நெத்திலி, பெலாச்சான் இருக்கா? கரண்டியும் சட்டியும் தனியா?" 'சைவமா?' என்று மட்டும் கேட்டால் 'ஆமாம்' என்றுதான் பதில் வரும். இலைக்கு எவ்வளவு, ரசத்துக்கும் அப்பளத்துக்கும் தனிக் காசா என்றும் வாய்விட்டுக் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். கேட்காமல் மேசைக்கு வந்த தட்டை அப்போதே திருப்பி அனுப்புங்கள், விரல் பட்டால் காசு. நம் கடை கிடைக்காத ஊரில் சீனச் சைவக் கடை இருந்தால் நம்பிப் போகலாம். வெங்காயம் பூண்டுகூடச் சேர்க்காத கடைகள் உண்டு, முட்டை பற்றி மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். புரட்டாசிச் சனிக்கிழமை என்றால் வழியில் உள்ள பெருமாள் கோயில்களில் அன்னதானம் இருக்கும், அதையும் விசாரியுங்கள்.

புகார் விஷயம். திங்கட்கிழமை காலை உள்நாட்டு வாணிப அமைச்சின் 1-800-886-800 எண்ணுக்கு அழைத்தேன். விலையைக் காட்சிக்கு வைக்காதது ஒரு குற்றம். சைவம் என்று பேனர் கட்டிவிட்டு மீன் போட்டது 2011ஆம் ஆண்டு வாணிப விவரிப்புச் சட்டத்தில் வரக்கூடியது. அவர்கள் முதலில் கேட்டது ரசீதும் படங்களும்தான், என்னிடம் இருந்தது. வரியைப் பற்றிச் சுங்கத்துறைக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். அது போக, பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி நாமே வழக்குப் பதியலாம், வக்கீல் வேண்டாம், 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைக் கேட்பார்கள். 192 வெள்ளிக்கு இவ்வளவு அலைச்சலா என்று என் தம்பி கேட்டான். அம்மா கோயில் வாசலில் இறங்காமல் வண்டிக்குள் உட்கார்ந்திருந்ததை அவன் பார்க்கவில்லை.

இதே கடையில் உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால், ரசீதை எறிந்துவிடாமல் இருந்தால், எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். என் புகார் எண்ணைத் தருகிறேன், சேர்த்துக் கொடுப்போம். வருகிற சனி மூன்றாம் சனி. சிலிம் ரிவர் பக்கம் போகிறவர்களுக்கு அந்த ஒட்டுக்கடைக்கு வழி வேண்டுமென்றாலும் கேளுங்கள். காலை ஆறரைக்குத் திறந்து பதினொன்றரைக்கு மூடுவார்கள், மறுபடி சாயங்காலம் ஐந்துக்கு. செவ்வாய்க்கிழமை விடுமுறை.