கிழக்கா, மேற்கா? கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு கணக்கு

தென்கிழக்காசிய நாடுகளோடு உறவை வளர்க்கும் ‘கிழக்கு நோக்கும் கொள்கை’ நரசிம்ம ராவ் காலத்தது. 2014இல் மோடி அதற்குக் ‘கிழக்கில் செயல்படும் கொள்கை’ என்ற புதுப்பெயரைச் சூட்டினார். மேற்கே வளைகுடா உறவு சூடுபிடித்ததோ அண்மையில்தான். 2015இல் மோடி அபுதாபியில் இறங்கியபோது, இந்தியப் பிரதமர் ஒருவர் அமீரகம் சென்று 34 ஆண்டுகள் ஆகியிருந்தன.

மூத்தது எது என்பதை விட்டுவிடலாம். காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கத்து விவசாயிக்கு எது உதவுகிறது?

தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானுடன் இந்தியா செய்த சரக்கு வர்த்தக ஒப்பந்தம் 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அப்போது சுமார் 5 பில்லியன் டாலராக இருந்த நம் வர்த்தகப் பற்றாக்குறை (ஏற்றுமதியை மிஞ்சும் இறக்குமதி), 2023-24இல் 38 பில்லியன் அளவுக்கு ஏறிவிட்டது. காரணம் எளிது. நாம் விளைவிப்பதையே அவர்களும் விளைவிக்கிறார்கள். தாய்லாந்துக்காரரிடமும் பிலிப்பைன்ஸ்காரரிடமும் மாங்காய் விற்பது கொல்லன் தெருவில் ஊசி விற்கும் கதைதான். போதாக்குறைக்கு இந்தோனேசிய, மலேசியப் பாமாயில் இங்கே வந்து, நம் நிலக்கடலையோடும் தேங்காயோடும் மல்லுக்கு நிற்கிறது. 2019இல் ஆசியானும் சீனா, ஜப்பான் போன்ற நாடுகளும் சேர்ந்த ஆர்செப் வர்த்தக ஒப்பந்தப் பேச்சிலிருந்து இந்தியா விலகியதைக் கோழைத்தனம் என்றவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஓசூர் ரோஜா மட்டும் விதிவிலக்கு. பிப்ரவரியில் அது சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் பறக்கிறது.

வளைகுடாவின் கணக்கு வேறு. அங்கே எண்ணெய் உண்டு, விளைநிலம் குறைவு. நம் பெங்களூரா மாம்பழம் கூழாகிப் பீப்பாய்களில் போய்ச் சேரும் சந்தைகளில் சவூதி அரேபியாவும் ஏமனும் முக்கியமானவை. அமீரகத்துடனான வர்த்தக ஒப்பந்தம் 2022 மே 1இல் நடைமுறைக்கு வந்தது. 2024-25இல் இருதரப்பு வர்த்தகம் 100 பில்லியன் டாலரைத் தொட்டது. அங்கும் பற்றாக்குறை இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் கச்சா எண்ணெயை ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் எங்கிருந்தாவது வாங்கித்தானே ஆக வேண்டும்?

மேற்கின் பலவீனம் போர். 2023 செப்டம்பரில் டில்லி ஜி20 மாநாட்டில் இந்தியா–மத்திய கிழக்கு–ஐரோப்பா வழித்தடத்தை அறிவித்தார்கள். அடுத்த மாதமே காசாவில் போர் மூண்டது. செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட, சரக்குக் கட்டணம் எகிறியது. கிழக்கும் அமைதிப் பூங்கா அல்ல: மணிப்பூரின் மோரேயிலிருந்து தாய்லாந்துக்குச் செல்ல வேண்டிய முத்தரப்பு நெடுஞ்சாலை, மியான்மர் உள்நாட்டுப் போரில் சிக்கிக் கிடக்கிறது.

சீனாவுக்கு எதிரான சமநிலை, பிலிப்பைன்ஸுக்கு பிரம்மோஸ் ஏவுகணை விற்றது போன்றவற்றை மாங்கூழ்க் கணக்கில் அளக்க முடியாது. அந்த வகையில் கிழக்குக்கே மதிப்பெண். வயிற்றுப்பாட்டுக்கு மேற்குதான். ஆனால் அமீரக ஒப்பந்தம் சவூதிக்குப் பொருந்தாது. சவூதி, அமீரகம் உள்ளிட்ட ஆறு நாடுகளின் வளைகுடா கூட்டுறவு மன்றத்துடன் வர்த்தக ஒப்பந்தம் காண 2004இல் சட்டக ஒப்பந்தம், அதாவது அடித்தள உடன்பாடு, போட்டார்கள்; அது இரண்டு சுற்றுப் பேச்சுக்குப் பின் 2008இல் நின்றுபோனது. ஆசியான் ஒப்பந்தத்தை மறுபரிசீலனை செய்வதற்குச் செலவிடும் நேரத்தில் பாதியையாவது அதை முடிக்கச் செலவிட்டால், கிருஷ்ணகிரிக்கு அதுவே பெரிது.