நல்ல இன்ஜின், கண்ணில் படாத ஆயில்

சிங்கப்பூரில் சின்ன மோட்டார்சைக்கிள் ஓட்டுவதற்கான கிளாஸ் 2பி லைசென்ஸ் எடுத்த கையோடு, வேலையிடத்துத் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, நீங்க ஓட்டுற அதே வண்டி செகண்ட்ஹேண்டுல வருது, எடுக்கலாமா?" வேகம், பெட்ரோல், விலையெல்லாம் அவரே பார்த்து வைத்திருக்கிறார். பல ஆண்டு ஓட்டியவனுக்கு மட்டும் தெரிகிற ஒரு விஷயத்தை அவருக்கும், அவரைப் போல யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். இந்த வண்டியில் இன்ஜின் ஆயில் அளவு பார்ப்பது ஒரு தண்டனை.

வலப்பக்கம் கீழே, பிரேக் பெடலுக்குப் பக்கத்தில், சின்ன வட்டக் கண்ணாடி ஒன்று இருக்கிறது. மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. ஆயில் இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். மூடியைக் கழற்றி, குச்சியைத் துடைத்து, மறுபடி விட்டுப் பார்க்கிற வேலையெல்லாம் இல்லை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் வண்டிக்கு சென்டர் ஸ்டாண்டு கிடையாது. சைடு ஸ்டாண்டில் நிற்கும்போது ஆயில் இடப்பக்கம் ஒதுங்கிவிடும், கண்ணாடி காலியாகத் தெரியும். வண்டியை நேராக நிமிர்த்தினால்தான் உண்மையான அளவு தெரியும். நிமிர்த்திப் பிடிக்கிறவரால் குனிந்து கண்ணாடியைப் பார்க்க முடியாது. ஆக, ஆயில் பார்க்க இரண்டு ஆள் வேண்டும்.

என் புளோக் கார்பார்க்கில் மோட்டார்சைக்கிள் நிறுத்துகிற இடம் வடிகால் பக்கம் சரிந்திருக்கும், வெளிச்சமும் போதாது. அதனால் சமதளமாக ஓர் இடம் தேடி வண்டியைத் தள்ளிக்கொண்டு போவேன். ஆள் கிடைக்காத நாளில் கைத்தொலைபேசியை வலப்பக்கம் தரையில் சாய்த்து வைத்து, விளக்கைப் போட்டு, வீடியோவை ஓடவிட்டு, இடப்பக்கம் நின்று வண்டியை நிமிர்த்துவேன். பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் ஸ்டாண்டு கடையில் கிடைக்கும், ஆனால் அடுக்குமாடியில் இருக்கிறவர் அதை எங்கே வைப்பது? ஒரு சென்டர் ஸ்டாண்டை வைத்துக் கொடுக்க முடியாத அளவுக்கு அப்படி என்ன கஷ்டம் என்று இன்றுவரை எனக்குக் கோபம்.

பார்க்காமலே விட்டுவிடலாமே என்றால், முடியாது. மொத்த ஆயிலே ஒரு லிட்டருக்குச் சற்று மேல். இன்ஜின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூன்றும் அதில்தான் ஓடுகின்றன. 200 மில்லி குறைந்தாலே கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு போய்விட்டது. ஆயில் குறைந்தால் எச்சரிக்க மீட்டரில் விளக்கும் இல்லை. உள்ளூரில் ஓட்டுகிறவரை அளவு அவ்வளவாக இறங்காது. இங்கே எக்ஸ்பிரஸ்வேயிலேயே மணிக்கு 90 கிலோமீட்டர்தான் உச்சம். காஸ்வே பாலம் தாண்டி மலேசியாவில் மலாக்கா போய்வந்தால் கதை வேறு. அங்கே 110 வரை போகலாம், சின்ன இன்ஜின் மணிக்கணக்கில் உச்சத்தில் கத்திக்கொண்டு ஓடும், திரும்பி வந்து பார்த்தால் ஆயில் கீழ்க்கோட்டை நோக்கி நகர்ந்திருக்கும். கிளம்பும் முன்னும் வந்த பிறகும் நான் பார்க்காமல் இருப்பதில்லை.

பார்க்கிற முறையிலும் ஒழுங்கு வேண்டும். இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்துப் பார்க்க வேண்டும். நிறுத்திய உடனே பார்த்தால் மேலே ஏறிய ஆயில் இன்னும் இறங்கியிருக்காது, குறைவாகக் காட்டும்.

மழைக்காலத்தில் வீட்டுக்கும் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கும் மட்டும் ஓட்டினால் கண்ணாடியின் மேற்பகுதியில் பால் மாதிரி ஒரு படலம் பிடிக்கும். இன்ஜின் முழுதாகச் சூடாகாததால் உள்ளே தங்கிய ஈரம் அது. பிஐஇ எக்ஸ்பிரஸ்வேயில் ஒரு நீண்ட ஓட்டம் போனால் மறைந்துவிடும். மறையாமல் ஆயில் முழுக்க வெளுத்து, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்டும் குறைந்துகொண்டே வந்தால் உடனே வொர்க்‌ஷாப்புக்குப் போய்விடுங்கள்.

வொர்க்‌ஷாப் என்றதும் இதையும் சொல்ல வேண்டும். பில்டரோடு மாற்றினால் என் வண்டிக்கு 1.2 லிட்டர் தேவை. ஆயில் வருவதோ ஒரு லிட்டர் பாட்டிலில். நான் போய்வந்த ஓர் இடத்தில் ஒரு பாட்டிலை ஊற்றி மூடியைத் திருகிவிட்டு "ஆச்சு" என்றார்கள். அங்கேயே நிமிர்த்திப் பார்க்கச் சொன்னேன். கீழ்க்கோட்டுக்கும் கீழே. இன்னொரு பாட்டிலைத் திறக்க அவர்களுக்கு மனமில்லை. சிலர் இதற்கு நேர்மாறாக, கையேட்டில் இன்ஜினை முழுதாகப் பிரித்துப் பூட்டும்போது ஊற்றச் சொல்லியிருக்கிற அளவைப் பார்த்து ஊற்றிவிடுவார்கள். அதுவும் கெடுதல்தான். கூடுதல் ஆயில் நுரைக்கும், ஏர் பில்டர் பெட்டிக்குள் தள்ளும். அப்புறம் பாட்டிலில் மோட்டார்சைக்கிள் ஆயிலுக்கான தரக்குறியீடு, ஜாஸோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம்.

இவ்வளவு திட்டினாலும் இன்ஜினைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. இத்தனை ஆண்டில் புகை இல்லை, சத்தம் மாறவில்லை, ஒவ்வோர் ஆண்டும் இன்ஸ்பெக்ஷனில் மறுபேச்சு இல்லாமல் தேறிவிடுகிறது. மோட்டார்சைக்கிள் வைத்திருக்கப் பத்து ஆண்டுக்கு எடுக்க வேண்டிய உரிமைச் சான்றிதழான சிஓஇ 2022இல் 12,000 சிங்கப்பூர் வெள்ளியைத் தாண்டியதை மறந்திருக்க மாட்டோம். வண்டியைவிட உரிமைச் சான்றிதழுக்கு அதிகம் கொடுக்கிற ஊரில், பத்து ஆண்டும் உழைக்கிற இன்ஜின் எவ்வளவு பெரிய விஷயம்!

ஆனாலும் என் பதில், எடுக்காதீர்கள். மாதம் இரண்டு முறையாவது செய்ய வேண்டிய வேலையை இவ்வளவு கஷ்டமாக்கி வைத்தால் பெரும்பாலோர் செய்யவே மாட்டார்கள். நீங்கள் பார்க்கிற செகண்ட்ஹேண்டு வண்டியை முன்பு வைத்திருந்தவரும் அப்படித்தான் விட்டிருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது. சென்டர் ஸ்டாண்டு உள்ள வண்டியாகத் தேடுங்கள். என்னுடையதை மட்டும் நான் விற்கப் போவதில்லை. சிஓஇ முடிந்ததும் இன்னும் ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்துவிடுவேன்.