ஹெரால்டுக்கு எந்த கார்புரேட்டர்? சோலெக்ஸா, இரட்டை எஸ்.யூ.வா, வெபரா?

மெட்ராஸில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும், 1962-இல் இங்கிலாந்தில் வந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரும் நெருங்கிய சொந்தம். ஹெரால்டு சேஸியை அடிப்படையாக வைத்துத்தான் ஸ்பிட்ஃபயரைச் செய்தார்கள். இரண்டுக்கும் உருவம் கொடுத்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. அதனால் வீட்டில் ஒரு ஹெரால்டு நிற்கிறதென்றால், அதை ஸ்பிட்ஃபயர் மாதிரி ஓடவைக்க வேண்டும் என்ற ஆசை எப்படியும் வந்துவிடும். ஆசை முதலில் போய் நிற்கும் இடம் கார்புரேட்டர், அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிற கருவி. சோலெக்ஸ், எஸ்.யூ., வெபர் மூன்றும் கார்புரேட்டர் பிராண்டுகள். வேலூரில் இருந்துகொண்டு, வீட்டு வாசலில் நாமே ஸ்பேனர் பிடித்துப் பார்க்கிற வண்டிக்கு எது பொருந்தும் என்பதுதான் இங்கே கேள்வி.

ஒன்றைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். வால்வு இடைவெளி 10 தௌ (ஒரு தௌ என்றால் இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு), சி.பி. பாயிண்ட், அதாவது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் காண்டாக்ட் பிரேக்கர், 15 தௌ, பிளக் 25 தௌ. இந்த மூன்றும் சரியாக இருந்து, டைமிங்கும் பார்த்த பிறகுதான் கார்புரேட்டரில் கை வைக்க வேண்டும். பாயிண்ட் தேய்ந்த வண்டிக்கு எந்த கார்புரேட்டர் போட்டாலும் இழுக்காது. ஸ்பேனரும் இன்ச் சைஸ்தான் வேண்டும். 1/2 இன்ச் நட்டில் 13 எம்.எம். ஸ்பேனரைப் போட்டால் முனை மழுங்கிவிடும்.

முதலில் சோலெக்ஸ். ஒரே கார்புரேட்டர், ஆக்ஸிலேட்டரைத் தொடாதபோது ஓடும் வேகத்துக்கு ஒரு ஐடிலிங் ஸ்க்ரூ, பெட்ரோல்-காற்றுக் கலவைக்கு ஒரு மிக்சர் ஸ்க்ரூ, அவ்வளவுதான். பெட்ரோல் வருகிற சின்னத் துளையுள்ள ஜெட்டைக் கழற்றி காற்றடித்து மாட்டினால் பாதிக் கோளாறு போய்விடும். பெட்ரோலும் அதிகம் குடிக்காது. பானெட்டைத் திறக்க நேரமில்லாதவர்கள் இதை மாற்றவே வேண்டாம். ஆனால் 948 சிசி எஞ்சினின் மூச்சை இது கொஞ்சம் அடைத்துத்தான் வைக்கிறது. அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் ஒற்றை கார்புரேட்டர் சலூன் சுமார் 35 குதிரைத்திறன் தந்தது. அதே 948 சிசி, இரட்டை எஸ்.யூ.வோடு வந்த கூப்பேயில் சுமார் 45 தந்தது. பொன்னேரியிலிருந்து ஏலகிரிக்கு ஏறும்போது, பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளிலும் இந்த வித்தியாசம் காலுக்குத் தெரியும்.

அடுத்து வெபர், அதாவது பக்கவாட்டில் படுத்திருக்கும் 40 டிசிஓஇ. பார்க்க அழகு; முழு த்ராட்டிலில் அது உறிஞ்சுகிற சத்தமே தனி. ரேஸுக்குப் பிறந்த சாமான் என்பதில் சந்தேகமே இல்லை. எஞ்சினையும் பெரிதாக்கி, இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓட்டப்போகிறீர்கள் என்றால் தாராளமாகப் போடலாம். வீட்டு வண்டிக்கு இது சரிவராது என்பது என் உறுதியான கருத்து. காரணம் அது வேலை செய்கிற விதம். வெபரில் காற்று போகும் சோக் குழாயின் அளவு நிலையானது. மெயின் ஜெட், ஏர் ஜெட், எமல்ஷன் டியூப், ஐடில் ஜெட் என்று எல்லாம் எண் போட்டு வருகிற உதிரிகள். மிக்சரை அடி முதல் உச்சி வரை மாற்ற வேண்டுமென்றால் இவற்றைத்தான் மாற்ற வேண்டும். இங்கே கடைக்குப் போய் நாலு சைஸ் ஜெட் வாங்கிப் பார்க்க முடியாது. வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். பொறுமை இல்லாமல் ஜெட் துளையைக் கம்பி விட்டுப் பெரிதாக்குகிறவர்கள் உண்டு. அதைச் செய்யவே கூடாது. துளை ஓவல் ஆகிவிட்டால் அந்த ஜெட்டில் பொறித்திருக்கும் எண்ணுக்கு மதிப்பே இல்லை. சின்ன எஞ்சினுக்குப் பெரிய வெபர் போட்டால், வேலூர் கிரீன் சர்க்கிள் நெரிசலில் முதல் கியரில் ஊர்கிறபோது காற்றின் வேகம் போதாமல் வண்டி திக்கும். நம் ஓட்டத்தில் முக்கால்வாசி அந்த மாதிரி ஓட்டம்தான்.

எஸ்.யூ. இதற்கு நேர்மாறு. எஞ்சின் உறிஞ்சுகிற அளவுக்கு உள்ளே இருக்கும் பிஸ்டன் ஏறி இறங்கும். அதோடு சேர்ந்து கூம்பு ஊசி ஒன்று ஜெட்டுக்குள் ஏறி இறங்கும். காற்றுவழியும் பெட்ரோலும் தானாக ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும். பழைய அம்பாசிடர்களில் எஸ்.யூ. பார்த்த கை இன்னும் நம் ஊரில் இருக்கிறது என்பதும் பெரிய வசதி. ராணிப்பேட்டை பக்கம் ஒரு பெரியவர், எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள், எனக்குச் சொன்ன முதல் பாடம்: "தம்பி, பிஸ்டனத் தூக்கி விடு. ரெண்டுலயும் தக்குனு ஒரே மாதிரி சத்தம் வரணும். வரலைன்னா மத்தத தொடாத." சத்தம் மந்தமாக வந்தால் ஊசி ஜெட்டில் உரசுகிறது என்று அர்த்தம். முதலில் ஜெட்டை நடுவில் நிறுத்த வேண்டும்.

அப்புறம் வேலை இப்படிப் போகும். இரண்டு ஜெட்டையும் மேல் விளிம்பு சமமாகும் வரை ஏற்றி, பிறகு ஜெட்டுக்கு அடியில் இருக்கும் ஆறு பக்க நட்டின் பன்னிரண்டு பக்கங்கள், அதாவது இரண்டு முழுச் சுற்று, கீழே இறக்க வேண்டும். எஞ்சின் சூடானதும் ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை கார்புரேட்டர் வாயிலும் வைத்துக் கேளுங்கள். இரண்டிலும் 'உஸ்' ஒரே அளவில் வரும்வரை ஐடிலிங் ஸ்க்ரூவைத் திருத்த வேண்டும். கடைசியாகப் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக மெல்லத் தூக்கிப் பாருங்கள். எஞ்சின் வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், நட்டை ஒரு பக்கம் மேலே திருப்புங்கள். வேகம் உடனே விழுந்தால் பெட்ரோல் குறைவு, கீழே திருப்புங்கள். லேசாக ஏறித் தணிந்தால் சரி. பிஸ்டன் சட்டென்று ஏறாமல் பிடித்துக்கொள்ள மேலே இருக்கிற டேம்பரில் தையல் மெஷின் ஆயில் ஊற்றுகிறார்கள். அது ரொம்ப மெலிசு, ஆக்ஸிலேட்டரை அழுத்தினதும் வண்டி தயங்கும். 20 கிரேடு எஞ்சின் ஆயில்தான் அதற்கு.

இன்றைய பெட்ரோலும் எஸ்.யூ. பக்கம்தான் பேசுகிறது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால், அதே அளவு காற்றுக்குக் கிட்டத்தட்ட எட்டு சதவீதம் கூடுதல் எரிபொருள் வேண்டும். வெபருக்கு இது புது ஜெட் செலவு. சோலெக்ஸுக்கும் ஜெட் தேட வேண்டும். எஸ்.யூ.வுக்கு நட்டை ஓரிரு பக்கம் திருப்பினாலே பெரும்பாலும் போதும்.

எஸ்.யூ.வின் குறையையும் சொல்ல வேண்டும். ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது காற்றுவழியைத் திறக்கிற த்ராட்டில் தண்டு தேய்ந்தால் பக்கவாட்டில் காற்று நுழைந்து எந்த டியூனிங்கும் நிற்காது. புஷ் போட லேத்துக்குத்தான் போக வேண்டும். இரண்டு கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட் பக்கத்திலேயே உட்காருவதால் வெயிலிலும் கஷ்டம். அக்னி நட்சத்திரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு கால் மணி நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தால் சூட்டில் பெட்ரோல் ஆவியாகி வழியை அடைத்து, அதாவது வேப்பர் லாக் ஆகி அடம்பிடிக்கும். நடுவில் ஒரு அலுமினியத் தகடும் கார்புரேட்டருக்கு அடியில் பேக்லைட் கட்டையும் கட்டாயம் வைக்க வேண்டும். கூடவே பம்பிலிருந்து கார்புரேட்டர் வரை உள்ள பழைய ரப்பர் ஹோஸையும் மாற்றிவிடுங்கள். எத்தனால் அதை உள்ளிருந்தே ஊறவைத்து வெடிக்கவைக்கும். பெட்ரோல் சொட்டுகிற இடம் சூடான எக்ஸாஸ்டின் தலைக்கு மேல்.